சந்தனம் அடைத்த மாமாப் பெட்டி

சின்னவள் என்னிடம் கேட்டது ஒரே ஒரு வரிதான். "மாமாப் பெட்டியை நான் பழுதாக்கேல்லை எண்டு எழுதி, கையெழுத்து வைச்சுத் தாங்கோ" என்றாள். தன் கொப்பியிலிருந்து ஒரு ஒற்றையைக் கிழித்து, பேனையையும் கொண்டுவந்து என் வேலை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். எழுத உட்கார்ந்தேன். எப்படிப் பழுதானது என்று சொல்லாமல் அந்த வரியை மட்டும் எழுதினால் பாதி உண்மை எழுதியது போலிருந்தது. அதனால் இன்னும் சில ஒற்றைகள் கிழிக்க வேண்டி வந்தது. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும்.

உங்கள் இரண்டு பேருக்கும்தான் எழுதுகிறேன். ஆனாலும் பெரியவள், சின்னவள் என்றே எழுதிக்கொண்டு போகிறேன். நீ, நீ என்று எழுதினால், அது எந்த நீ என்று நாளைக்கு ஒரு சண்டை வரும்.

வீட்டோடு சேர்ந்த தகரக் கொட்டில்தான் என் வேலையிடம். தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள். உள்ளே கருகிப்போன செப்புக் கம்பியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். எண்ணிக்கை பிழைக்காமல் இருப்பதுதான் அந்த வேலையில் முக்கியம். ஒரு சுருளுக்கு அறுபத்தெட்டுச் சுற்று என்றால் அறுபத்தெட்டுத்தான். இரண்டு குறைந்தாலும் மோட்டார் சூடாகும். கம்பி சுற்றுகிற என் கைச்சக்கரத்தில் எண்ணிக்கை காட்டும் முள் உடைந்து பல காலமாகிவிட்டது. அதனால் வாய்விட்டு எண்ணுவேன். பெரியவள் பக்கத்தில் கிடக்கிற நீள வாங்கில் இருந்துகொண்டு, பத்துக்கு ஒரு கோடாக வெண்கட்டியால் பலகையில் போடுவாள். ஏழு வயதில் தொடங்கியவள். இப்போது பதினொன்று.

ஒரு சுருள் முடிந்து அடுத்த சுருள் தொடங்கும்வரை அவளுக்கு ஏதாவது கதை சொல்லுவேன். ராசா ராணிக் கதை எனக்குத் தெரியாது. எந்தக் கிணற்றில் பம்புக்குள் தவளை போனது, எந்த மனிதர் மோட்டாருக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுவிட்டு வந்து முழித்தார், இப்படிக் கொட்டிலுக்கு வந்துபோகிற கதைகள்தான். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். மூன்று வருடம் அப்படி ஓடியது.

போன வருடத் திருவிழாவுக்கு மாமா சுவிசிலிருந்து வந்தார். அம்மாவின் மூத்த அண்ணை. வெளியில் இருந்து வருகிறவர்கள் என்னென்னவோ கொண்டுவருவார்கள், அவரும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி அவர் தந்தது. சின்னவளின் சைக்கிள் அவர் தந்தது. அதற்கெல்லாம் எனக்கு எரிச்சல் வரவில்லை. போகும்போது பெரியவளின் கையில் பாட்டுக் கேட்கிற ஒரு பழைய பிளேயரைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். முத்திரை அளவில் ஒரு கண்ணாடி, நடுவில் ஒரு வட்டப் பொத்தான், மேலே காதுக்கு மாட்டும் வயருக்கு ஒரு துளை, கீழே சார்ச் போடுவதற்கு ஒரு துளை. இப்போதைய போன் வயர் அதற்குள் போகாது. மாமாவின் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வாங்கியதாம். அதற்குள் பாட்டு ஒன்றும் இல்லை. மாமா தன் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்ன கதைகளைப் பதிந்து வைத்திருந்தார். நாற்பதுக்கு மேல் இருக்கும். பள்ளிக்கூட நாடகங்களில் நடித்த மனிதர். ராசாவுக்கு ஒரு குரல், பேய்க்கு ஒரு குரல், மழைக்குக்கூட ஒரு சத்தம் வைத்திருப்பார் என்று பெரியவள் சொன்னாள்.

அன்றிலிருந்து அதற்கு மாமாப் பெட்டி என்று பெயர். பள்ளிக்கூடத்தால் வந்ததும் பெரியவள் வழக்கம்போலக் கொட்டிலுக்கு வருவாள், வாங்கில் இருப்பாள், வெண்கட்டியும் எடுப்பாள். ஆனால் இரண்டு காதிலும் வயர். நான் எண்ணுவேன். அவள் எங்கேயோ பார்த்துத் தனக்குள் சிரிப்பாள். எனக்கு முன்னால் இருந்துகொண்டு இன்னொருவரின் கதைக்குச் சிரிக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கம்பி சுற்றுவது எப்படி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் முப்பதுக்குப் போட வேண்டிய கோட்டை அவள் போடவில்லை.

"பிள்ளை, கோடு எங்கை?"

கேட்கவில்லை. நான் கையால் தட்டினேன். வயரை ஒரு காதால் எடுத்தாள்.

"என்னப்பா?"

"எத்தினை கோடு போட்டனி?"

"ரெண்டோ, மூண்டோ... பொறுங்கோ அப்பா, பேய் இப்பதான் கிணத்துக்குள்ளாலை வருது."

அந்தச் சுருளை முழுதாக அவிழ்த்து முதலிலிருந்து சுற்றினேன். அவளை ஏசவில்லை. மனத்துக்குள் மாமாவைத்தான் ஏசினேன்.

கதைகளைப் போனுக்கு மாற்றிவிடு, கொட்டிலில் பிளேயர் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "போனிலை எண்டால் அம்மா பறிச்சுப் போடுவா" என்றாள். நான் அடுத்த கம்பியை மாட்டினேன்.

இனி நவராத்திரிக்கு வருகிறேன். சரஸ்வதி பூசைக்கு உங்கள் புத்தகங்களையும் என் ஆயுதங்களையும் ஒரே மேசையில்தான் வைப்போம். அது உங்களுக்குத் தெரியும். வெள்ளைத் துணி விரித்து, ஒரு பக்கம் கொப்பி புத்தகம், மறுபக்கம் என் மீட்டர், குறடு, ஈயம் உருக்குகிற கோல், கைச்சக்கரம். பெரியவள் மாமாப் பெட்டியையும் கொண்டுவந்தாள். தன் புத்தகத்தின் மேல் வைத்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். அவள் அதை என் மீட்டருக்கு மேல் வைத்தாள்.

"இது ஏன் இஞ்சை?" என்று கேட்டேன்.

"இதுவும் படிப்பிக்கிறதுதானே அப்பா. எனக்கு எவ்வளவு சொல் இதாலை தெரியும்."

சந்தனக் கிண்ணம் என் கையில் இருந்தது. எல்லாவற்றுக்கும் பயறளவு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்துக்கொண்டு வந்தேன். மாமாப் பெட்டிக்கு வந்தபோது, கிண்ணத்தில் மிஞ்சியிருந்த சந்தனம் முழுவதையும் பெருவிரலால் வழித்தெடுத்து அதன் கீழ்ப்பக்கத்தில் அப்பி, குங்குமமும் வைத்தேன். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனம், நல்ல தண்ணியாக இருந்தது.

"சுவிஸ்காரருக்குக் குறைவைக்கலாமோ?" என்றேன்.

அம்மா பார்த்துவிட்டுச் சிரித்தா. "இஞ்சேருங்கோ, உது பொட்டோ, சீமெந்துப் பூச்சோ?"

அதற்கு நானும் சிரித்தேன். பழுதாக்க வேண்டும் என்று அப்பவில்லை. கோபத்தில் அப்பினேன். கீழ்ப்பக்கத்தில் துளை இருப்பது அந்த நேரம் என் நினைவில் இல்லை. நாளெல்லாம் வயரும் துளையும் பார்க்கிற மனிதனுக்கு அது ஏன் நினைவில் வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம்.

விசயதசமியன்று பூசை முடிந்து சாமான்களை எடுத்தோம். பெரியவள் ஈரத்துணியால் பெட்டியைத் துடைத்தாள். மிச்சமிருந்த சார்ச்சில் அன்று பின்னேரம் வரைக்கும் அது கதை சொன்னது, பிறகு நின்றது. சார்ச் போட்டாள். ஏறவில்லை. அடுத்த நாளும் ஏறவில்லை.

பழி நேரே சின்னவளிடம் போனது.

"அவல் திண்ட ஈரக் கையோடை நீதான் தொட்டனி. நான் பாத்தனான்."

"ஒருக்காத்தான் தொட்டனான். பொத்தானை மட்டும்தான் அக்கா."

"பொத்தானுக்குள்ளாலைதான் தண்ணி போயிருக்கு."

"பிள்ளையாராணைப் போகேல்லை!"

சின்னவள் அழுதாள். பெரியவள் அவளோடு பேச்சை நிறுத்தினாள். இருவரும் படிக்கிற மேசையில் நடுவில் வெண்கட்டியால் ஒரு கோடு விழுந்தது. எனக்குப் போட வேண்டிய கோட்டை அங்கே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் போக முதல் பெரியவள் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"அப்பா, இதைத் திருத்துவியளே?"

பல மாதங்களுக்குப் பிறகு, காதில் வயர் இல்லாமல், என் முகத்தை நேரே பார்த்துக் கேட்டாள். பெட்டி பழுதானது எனக்குச் சந்தோசமாக இருந்தது. எழுத வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

இவ்வளவு சின்னச் சாமானை நான் அதற்கு முன் திறந்ததில்லை. ஆனால் பழுது பார்க்கிற முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: கரண்ட் எங்கிருந்து வருகிறது, எதுவரை வருகிறது, எங்கே நிற்கிறது என்று ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். முதலில் வயரை மீட்டரால் பார்த்தேன். நல்ல வயர். செருகியிலும் கரண்ட் வந்தது. பிறகு பெட்டியைத் திறக்க வேண்டும். அதில் ஆணி ஒன்றும் கிடையாது, இரண்டு மூடியும் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருந்தன. மோட்டாருக்குள் கம்பி உரசாமல் வைக்கிற தடித்த தாளில் ஒரு துண்டு வெட்டி, இடுக்கில் விட்டு மெல்ல ஓட்டினேன். 'டக்' என்று விட்டது. பிளேடு பாவித்திருந்தால் காயம் பட்டிருக்கும். மாமாவின் சாமானில் என் கைக்காயம் இருக்கக் கூடாது என்று ஒரு வீம்பு.

உள்ளே பற்றறி வீங்கவில்லை. மூன்று வோல்ட் காட்டியது. அது செத்த பற்றறி இல்லை, பசியோடு கிடக்கிற பற்றறி. என் மேசையில் இருக்கிற சார்ச் போடும் கருவியிலிருந்து அதற்கு அளவாகக் கொஞ்ச நேரம் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. ஆக, உள்ளே ஒரு பழுதும் இல்லை. தண்ணீர் போன அடையாளமும் இல்லை. மிஞ்சியது கீழே இருக்கிற துளைதான்.

பெருப்பிக்கும் கண்ணாடியை வைத்துத் துளைக்குள் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. ஓர் ஈர்க்கைக் கூராக்கி மெல்லக் கிண்டினேன். காய்ந்து இறுகிய கட்டி ஒன்று, நடுவில் சிவப்போடு, மேசையில் விழுந்தது. மூக்கில் வைக்கவே தேவையில்லை. கொட்டில் முழுக்கச் சந்தனம் மணத்தது.

என் பெருவிரலைத்தான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

ஊசி முனையாலும் பஞ்சாலும் துளையைத் துப்புரவாக்கி, உள்ளே பச்சை பிடித்திருந்த செப்புக் கால்களைச் சுரண்டி, சார்ச் போட்டேன். ஏறியது. எல்லாம் ஒரு மணித்தியால வேலை. இரண்டு காதிலும் சத்தம் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டுமே. வயரை என் காதில் மாட்டி, கண்ணாடியில் முதலில் நின்ற கதையை ஓடவிட்டேன்.

உண்மையிலேயே நல்ல கதை சொல்லி. நானும் கொஞ்ச நேரம் வேலையை மறந்து கேட்டேன். அதற்கும் எரிச்சல் வந்தது. ஒரு கிழவன், ஒரு கிணறு, கிணற்றுக்குள் ஒரு பேய். பேய் ஏறி வருகிற இடத்தில் பின்னால் ஒரு பிள்ளையின் குரல் அந்த நாட்டுப் பாசையில் ஏதோ சிணுங்கியது. மாமா, "இன்னும் கொஞ்சம்தான், கேளுங்கோ ராசா" என்றார். கதிரையைத் தள்ளி எழும்புகிற சத்தம் கேட்டது. கதவு சாத்துப்பட்டது. மாமா கொஞ்சம் நிறுத்தினார். பிறகு அதே பேய்க்குரலில், அதே மழைச் சத்தத்தோடு, கதையைக் கடைசிவரைக்கும் சொன்னார். "கதை முடிஞ்சுது. நல்லாயிருந்துதே?" என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதிவு நின்றது.

எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. சந்தோசம். நாடு கடந்து போய், இவ்வளவு குரல் வைத்துச் சொல்லியும், அவருடைய பிள்ளைகள் எழும்பிப் போயிருக்கிறார்கள் என்று ஒரு சந்தோசம். என் பிள்ளை எழும்பிப் போகமாட்டாள் என்று நினைத்தேன். நினைத்த பிறகுதான் பக்கத்து வாங்கைப் பார்த்தேன். அவள் எழும்பவில்லைத்தான். காதில் வயரை மாட்டி, இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு போய்விட்டாள்.

பெட்டியை ஒரு சீலைத் துண்டில் சுற்றி, மோட்டார்க் கரித்துண்டுகள் போடுகிற மேசை லாச்சியை இழுத்து, உள்ளே வைத்துப் பூட்டினேன். பெரியவள் வந்து கேட்டபோது, "ஒரு சாமான் மாத்தோணும், கொழும்பிலை இருந்து வரோணும்" என்றேன்.

நாலு நாள். அந்த நாலு நாளும் அவள் எனக்குக் கோடு போட்டாள். ஒரு எண்ணும் பிழைக்கவில்லை. மயிலிட்டிக் கடற்கரையிலிருந்து ஒருவர் மீன் பெட்டிக்குள் மோட்டாரை வைத்துக்கொண்டு வந்த கதையைத் தொடங்கினேன். மோட்டார் முழுக்க மீன் மணம். ஊர்ப் பூனை ஒன்று வந்து அதன் மேல் ஏறி இருந்துகொண்டு இறங்க மறுத்துவிட்டது. பெரியவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "பூனைக்கும் குரல் குடுத்துச் சொல்லுங்கோ அப்பா, மாமா மாதிரி" என்றாள்.

கொடுத்துப் பார்த்தேன்.

"அது பூனையே? பழைய கதவு மாதிரிக் கிடக்கு" என்றாள்.

பெட்டி லாச்சிக்குள் கிடந்தும் அந்த மனிதர் என் கொட்டிலை விட்டுப் போகவில்லை.

சின்னவள் மட்டும் ஒவ்வொரு நாளும் வாசலில் வந்து நின்று கேட்பாள். "அப்பா, கொழும்பாலை சாமான் வந்திட்டுதே? வந்தாத்தானே அக்கா என்னோடை கதைப்பா." நான் குனிந்து கம்பியைப் பார்த்தபடி "வரும், வரும்" என்பேன். அவள் தன் கையைத் தூக்கி மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுப் போவாள், அந்தக் கை உண்மையிலேயே குற்றம் செய்ததா என்று பார்க்கிற மாதிரி. அந்த நேரத்திலாவது நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிறு. மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு மாமா வீடியோவில் வந்தார். பெரியவள் பெட்டி பழுதான கதையை முழுக்கச் சொன்னாள், தங்கச்சியின் ஈரக் கை உட்பட. சின்னவள் கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"அழாதை குஞ்சு" என்றார் மாமா. "உது கிழடு. உதை எறி. நான் புதுசா ஒண்டு அனுப்புறன், பெரிய கண்ணாடி வைச்சது. புதுக் கதையும் ஒரு ஐம்பது சொல்லி ஏத்தி விடுறன்."

ஐம்பது! அந்தச் சொல் என் காதில் விழுந்ததும், பக்கத்தில் இருந்த நான் என்னை அறியாமல் போனுக்குள் தலையை விட்டேன்.

"வேண்டாம் மச்சான்! அது திருத்தியாச்சு!"



"எப்ப அப்பா?" என்று பெரியவள் கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை."

"இண்டைக்கு ஞாயிறு."

"ஓம்."

"கொழும்பிலை இருந்து சாமான்?"

"ஒரு சாமானும் வரத் தேவையில்லை" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்: துளை, ஈர்க்கு, சந்தனக் கட்டி, என் பெருவிரல். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா. "நான் அண்டைக்கே சொன்னனான், சீமெந்துப் பூச்சு எண்டு. அண்ணை, இவருக்கு உங்கடை பெட்டியிலை எரிச்சல்!"

"எரிச்சலோ? ஏன் மச்சான்?" மாமா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் தலையைப் போனுக்கு வெளியே எடுத்தேன்.

சின்னவள் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அழவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "எனக்கு எழுத்திலை வேணும்" என்றாள்.

பெரியவள் லாச்சித் திறப்பை வாங்கிக்கொண்டு போனாள். அன்று என்னோடு கதைக்கவில்லை. ஆனால் மேசையில் இருந்த கோட்டை அழித்து, தங்கச்சிக்கு ஒரு காது வயரைக் கொடுத்து, இருவருமாக இருந்து கேட்டார்கள். கொட்டிலில் நான் தனியாக எண்ணினேன். ஒரு சுருளை மூன்று முறை அவிழ்த்தேன்.

மூன்றாம் நாள் பெரியவள் கொட்டிலுக்கு வந்தாள். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டேன்.

"அந்தக் கிணத்துப் பேய்க் கதையிலை, நடுவிலை பிள்ளையள் எழும்பிப் போகினம். உனக்குத் தெரியுமே?"

"ஓம். கனக்கக் கதையிலை அப்பிடித்தான்."

"பிறகு அவர் கேக்கிறார், நல்லாயிருந்துதே எண்டு."

"நான் சொல்லுறனான்தானே."

"ஆருக்கு?"

"பெட்டிக்கு. 'நல்லாயிருந்துது மாமா' எண்டு."

கம்பி என் கையில் அப்படியே நின்றது. வருடக்கணக்காக ஒரு மனிதர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு என் மகள் இந்த வாங்கில் இருந்து பதில் சொல்லியிருக்கிறாள். அது பெருமைப்பட வேண்டிய விசயம். எனக்குப் பெருமையும் வந்தது. ஆனால் வாய் வேறொன்றைக் கேட்டது.

"என்ரை கதைக்கு ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லையே?"

அவள் என்னை வடிவாகப் பார்த்தாள்.

"உங்கடை கதை எங்கை அப்பா முடிஞ்சிருக்கு? கம்பியை மாட்டினவுடனை எண்ணத் தொடங்கிவிடுவியள். பூனையை மோட்டாருக்கு மேலை வைச்சிட்டு எத்தினை நாளாப் போச்சு. அது இன்னும் இறங்கேல்லை."

நாலு வருடம் கதை சொன்னேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றையும் முடிக்கவில்லையாம். யோசித்துப் பார்த்தேன், சரிதான். தவளை இன்னும் பம்புக்குள்ளேயே இருக்கிறது.

எழுதும்போது கம்பி மாட்ட வேண்டியதில்லை. ஆகவே அந்தப் பூனையை இங்கே இறக்கிவிடுகிறேன்.

நீங்கள் விடுமுறைக்குப் போயிருந்த நேரத்தில் நடந்தது. மோட்டாரைப் பிரித்தபோதும் பூனை போகவில்லை. பிரித்த துண்டுகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு ஒன்பது நாள் என் மேசைக்குக் கீழே கிடந்தது. நான் அதற்குச் சோறும் மீன் தலையும் வைத்தேன். என் காலோடு உரசிக்கொண்டு படுத்தது. எனக்காகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பத்தாம் நாள் மயிலிட்டிக்காரர் மோட்டாரை எடுக்க அதே மீன் பெட்டியோடு வந்தார். பூனை ஒரே பாய்ச்சலாகப் பெட்டிக்குள் ஏறியது. இரண்டு தரம் இறக்கினோம். மூன்றாம் தரமும் ஏறியது. "கிடக்கட்டும் அண்ணை, கொண்டுபோறன்" என்று அவர் கொண்டுபோய்விட்டார். போன மாதம் அவர் மோட்டாருக்கு எண்ணெய் கசியாமல் போடுகிற சீல் வாங்க வந்தபோது விசாரித்தேன். பழைய வலை ஒன்றின் மேல் மூன்று குட்டி போட்டிருக்கிறதாம், நல்ல கொழுப்பாம். அவர் கூப்பிட்டால் ஓடி வருமாம். எனக்கு அதில் கொஞ்சம் எரிச்சல்தான். ஆனால் பூனை நன்றாக இருக்கிறது.

கதை முடிந்தது. நல்லாயிருந்துதே?

இனி, சின்னவள் கேட்ட வரி:

மாமாப் பெட்டியைச் சின்னவள் பழுதாக்கவில்லை. அவளுடைய கை ஈரமாக இருந்தது உண்மை; ஆனால் துளையை அடைத்தது என் பெருவிரல். அடுத்த சரஸ்வதி பூசைக்குச் சந்தனக் கிண்ணம் அவளுடைய கையில்தான் இருக்கும் என்றும் இதனால் ஒப்புக்கொள்கிறேன்.

கையெழுத்து: அப்பா